அவ்வளவுதான் காணோம்

மூணுகிணத்துப்பாளையத்தில் முதல் சிவப்புப் புழு சென்னியப்பனின் காலடியில் வந்து படுத்த செவ்வாய்க்கிழமை காலையில், ஊரில் யாரும் கை வேலையை நிறுத்தவில்லை, டீக்கடையில் சரசு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள், பால் வண்டிக்காரர் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார், சென்னியப்பன் தன் வழக்கப்படி "எங்க காலத்துல எல்லாம் கன்னிவாடிச் சந்தைக்குப் போனா..." என்று ஆரம்பித்துவிட்டு, தட்டில் வடை வந்ததும் பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டார். அவருடைய செருப்புக்கு ஒரு சாண் முன்னால், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், முழ நீளத்துக்கு நெளிநெளியாக ஒரு சிவப்புக் கோடு மிதந்து நின்றது. சரசுவின் கோழி ஓடிவந்து அதை இரண்டு தரம் கொத்திப் பார்த்து, அலகில் ஒன்றும் சிக்காததால் சலித்துப்போய்ச் சாம்பலைக் கிளறப் போனது.

"இது நம்ம வாணி புள்ளையோட புழுவாட்டம் இருக்குதுங்களே" என்றாள் சரசு.

"அதேதான்" என்றார் சென்னியப்பன். "வடைக்குச் சட்னி ஊத்து."

வாணி என்பது கோகிலவாணி. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்து, அங்கேயே மூன்று வருஷம் வேலையும் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி வந்து, கூட்டுறவுச் சங்கத்து உரக்கிடங்கின் மாடி அறையில் யூரியா வாசனைக்கு நடுவே உட்கார்ந்து, ஊரின் இருநூற்றுப் பன்னிரண்டு மோட்டார்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு மொழியை எழுதியவள். மொழிக்கு மடை என்று பேர். தோட்டத்துக்காரர்கள் செல்போனில் தமிழிலேயே எழுதி அனுப்புவார்கள்: த்ரீபேஸ் வந்தால் மோட்டார் ஓடு, தொட்டி நிரம்பினால் நில், அவ்வளவுதான். கடைசியில் வரும் அந்த 'அவ்வளவுதான்' கட்டாயம். இந்த ஆள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டார் என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான்.

அனுப்பிய எழுத்தைப் படித்துப் பொருள் பிரிக்கிற பகுதியைப் படித்தவர்கள் பார்சர் என்பார்கள். ஊர் அதற்கு வாத்தியார் என்று பேர் வைத்திருந்தது. எல்லாருடைய எழுத்தையும் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒரே நீளப் பக்கமாக வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும், முதல் தப்பு கண்ணில் பட்டதும் நோட்டை மூடிவிடும், அதற்குக் கீழே நீங்கள் முத்து முத்தாக எழுதியிருந்தாலும் திரும்பிப் பார்க்காது. அதனால் தப்பான எழுத்து அந்தப் பக்கத்துக்குள் போகாமல் தனியாக ஓரத்தில் நிற்கும்படி கோகிலவாணி கட்டி வைத்திருந்தாள். தப்பு இருக்கிற வரிக்கு அடியில் செல்போனில் நெளிகிற சிவப்புக் கோட்டைத்தான் ஊர் புழு என்றது. "உங்க வெங்காயக்காட்டு எழுத்துல புழு உழுந்திருக்குதுங்க, பாத்துக்குங்க" என்று வழியில் பார்த்தவரிடம் சொல்வது அங்கே சாதாரண நல விசாரிப்பு.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவள் வாத்தியாரைக் கொஞ்சம் சீர்திருத்தியிருந்தாள். எழுதி முடித்து அனுப்பும்வரை காத்திருக்காமல், எழுத எழுதவே தப்பைக் காட்டு என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். பேசப் பேசவும் காட்டு என்று அவள் சொல்லவில்லை. ஆனால் வாத்தியாருக்கு ஆர்வம் கூடிவிட்டது.

ஊர் அதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. முடிக்காமல் விட்ட பேச்சுக்கெல்லாம் புழு வந்தது, பேச்சு நின்ற இடத்திலேயே அதுவும் நின்றது, முடித்தால் போய்விட்டது. சொன்னவர் வந்து முடிக்கலாம், அல்லது யாரிடம் சொன்னாரோ அவர் முடிக்கலாம், வேறு யார் முயன்றாலும் அது அசைவதில்லை என்பதையும் இரண்டொரு நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒன்றும் வாய்க்கு வராதபோது 'அவ்வளவுதான்' என்று சொன்னாலும் போதும். பெண்கள் வாசல் கூட்டும்போது புழுக்களைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனார்கள். பொண்ணு பார்க்க வந்த மூலனூர்க்காரர்கள் "பையனுக்கு ஒரேயொரு பழக்கம்தான், மத்தபடி..." என்று இழுத்ததும் பந்தலுக்கு நடுவில் புழு வந்து படுத்துக்கொள்ள, பொண்ணு வீட்டார் முழுசாகச் சொல்லுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார்கள்; கடைசியில் பார்த்தால், பையன் தூக்கத்தில் பாடுவானாம். கல்யாணம் முடிவாகிவிட்டது.

பிறகு பழைய பேச்சுகளுக்கும் வர ஆரம்பித்தன. பழனாத்தாளின் வீட்டுக்காரர் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சமையல்கட்டு வாசலில் நின்று "அடுப்புல பால..." என்று சொல்லும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் பிறகு எழவில்லை, அந்த வாசலில் ஒரு புழு வந்து நின்றது. பழனாத்தாள் அதன் எதிரில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எறக்கி வெச்சுட்டேனுங்க, பொங்கலைங்க" என்றாள். அது போய்விட்டது. அன்றைக்கு அவள் தெருவில் எல்லார் வீட்டுக்கும் பால் பாயசம் கொடுத்தனுப்பினாள்.

உரக்கிடங்கு மாடியில், கோகிலவாணியின் அறை வாசலிலும் ஒன்று வந்தது. மற்ற புழுக்கள் முழ நீளம் என்றால் இது நிலைப்படிக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீண்டு கிடந்தது. யாருடையது என்று அவளுக்குக் கேட்காமலே தெரியும். தினமும் காலையில் வரப்பைத் தாண்டுவதுபோல் அதைத் தாண்டி உள்ளே போனாள், சாயங்காலம் தாண்டி வெளியே வந்தாள், யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அது அவள் அண்ணன் தண்டபாணியுடையது. மடையை எழுதியது அவள் என்றாலும், மோட்டாருக்கு என்ன வேண்டும் என்று சொன்னவன் அவன்தான். அவன் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். மோட்டார் இரைகிற சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆறு வருஷத்துக்கு முன்னால் எல்லாம் முடிந்து, கடைசிச் சொல் ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில், அதே அறையில் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள்.

"கெணத்தைப் பாத்து அவ்வளவுதான்னு எவனாச்சும் எழுதுவானா புள்ள? தண்ணி வத்திப் போயிருமுன்னு பயப்படுவாங்க. போயிட்டு வான்னு வெய்யி. தண்ணி போயிட்டு நாளைக்கு வரோணும்ல."

"கம்ப்யூட்டருக்கு நல்ல வார்த்தை கெட்ட வார்த்தையெல்லாம் இல்லீங்ணா. முடிஞ்சுதா இல்லையான்னு மட்டும்தான் அதுக்குத் தெரியோணும்."

"அது கம்ப்யூட்டருக்கு. எழுதறவன் மனுசன்."

அவள் அப்போது ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டாள். காயில் கட்டுகிறவர் காயிலோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றாள். தப்பு என்று தெரிந்தது, ஆனால் வாயைவிட்டுப் போன பிறகுதான் தெரிந்தது. தண்டபாணி ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். வாசலில் நின்று, அறையை ஒரு தரம் சுற்றிப் பார்த்து, "இனிமே இந்த ரூம்ல நான்..." என்றான். மிச்சத்தைச் சொல்லவில்லை. படியிறங்கிப் போய்விட்டான். அடுத்த மாதமே தாராபுரத்தில் கடை போட்டான். மிச்சம் என்னவென்று ஊரே மனசுக்குள் முடித்துக்கொண்டது: கால் வெக்க மாட்டேன். கோகிலவாணியும் அப்படித்தான் முடித்துக்கொண்டாள். இருபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற அண்ணனை ஆறு வருஷத்தில் இரண்டு சாவு வீடுகளில் தூரத்திலிருந்து பார்த்தாள்.

அவன் சொன்னதுதான் நடந்தது. மூணுகிணத்துப்பாளையத்தார் மடையை ஆசையாகக் கற்றுக்கொண்டார்கள், ஆனால் கடைசிச் சொல்லைத் தங்கள் கையால் எழுதச் சம்மதிக்கவில்லை. அரிசி தீர்ந்தது என்று சொல்லாமல் நிறைந்துவிட்டது என்று சொல்கிற ஊர் அது, விளக்கை அணை என்னாமல் குளிர வை என்கிற ஊர். பாசனத்தைப் பார்த்து அவ்வளவுதான் என்று எப்படி எழுதும்? தபால்காரர் சாமிக்கண்ணு வெளியூர்க்காரர். வெளியூர்க்காரர் எழுதினால் தோஷமில்லை என்று யாரோ சொல்லி, எழுத்தையெல்லாம் எழுதிவிட்டுச் செல்போனை அவரிடம் நீட்டுவார்கள், அவர் தபால் பையை இறக்கி வைத்து அந்த ஒரு சொல்லைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். கோகிலவாணிக்கு இது தெரியும். தெரிந்தும் அவள் மாற்றவில்லை. மாற்றினால் அண்ணன் ஜெயித்துவிட்டதாக ஆகும் என்று முதல் வருஷம் நினைத்தாள். பிறகு, அவன் இல்லாதபோது மாற்றி என்ன என்று நினைத்தாள்.

தண்டபாணிக்கும் ஊரில் ஒரு கிணறும் முருங்கைக்காடும் இருந்தன. போன அன்றைக்கே அவன் தன் மோட்டாருக்கு ஒரு எழுத்து எழுதி அனுப்பியிருந்தான்: த்ரீபேஸ் வந்தால் மோட்டார் ஓடு, தொட்டி நிரம்பினால் நில், போயிட்டு வா. வாத்தியார் அதற்குப் புழு வைத்து ஓரத்தில் நிறுத்தியது. ஆறு வருஷமாக அவன் அதைத் திருத்தவுமில்லை, அழிக்கவுமில்லை, அவளும் அழிக்கவில்லை. முருங்கை மழைத் தண்ணியிலேயே வளர்ந்துகொண்டது.

புழு வந்த நாற்பத்தோராம் நாள், காலை ஒன்பது மணிக்குத் த்ரீபேஸ் கரண்ட் வந்தது, ஊரில் ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. கோகிலவாணி திரையைத் திறந்து பார்த்தாள். ஊரில் முடியாமல் கிடந்த பேச்செல்லாம் எப்படியோ பக்கத்துக்குள் புகுந்து, மோட்டார் எழுத்துகளுக்கு மேலே வரிசையாக உட்கார்ந்திருந்தது. வாத்தியார் முதல் வரியிலேயே நோட்டை மூடியிருந்தது.

கையால் போடுகிற ஸ்டார்ட்டர்களை ஆறு வருஷத்துக்கு முன்பே பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். சின்ன வெங்காய நாற்று நட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. சங்கத்துத் தலைவர் மாரப்பன் கோயில் மைக்கில் அறிவித்தார்: எல்லாரும் அவரவர் பேச்சை இரண்டு நாளைக்குள் முடித்துவிட வேண்டும்.

அந்த இரண்டு நாளைப் போல ஒரு திருவிழா அந்த ஊரில் நடந்ததில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் தெருமுனையில் "உன்னைய நான்..." என்று நிறுத்தியவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் அதே முனையில் முடித்துவிட்டு வந்தார், அவர் என்ன சொன்னார் என்று அந்தம்மாள் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. பங்காளிகள் பழைய வரப்பில் நின்று பழைய வசவை முழுசாகத் திட்டி முடித்து, அதற்கு மேல் கோபம் மிச்சமில்லாமல் ஒன்றாக டீக்கடைக்கு வந்தார்கள். சென்னியப்பனுக்கு மட்டும் எழுபத்தெட்டுப் புழு இருந்தது. சரசு அவருக்கு வடையே கொடுக்காமல் உட்கார வைத்து ஒவ்வொன்றாக முடிக்க வைத்தாள், கன்னிவாடிச் சந்தைக்குப் போனால் என்ன ஆகும் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது: ஒன்றும் ஆகாது, மாடு வாங்கிக்கொண்டு வருவார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ஒரே ஒரு வரி பாக்கி இருந்தது. பக்கத்தின் தலையில், முதல் வரியாக. இனிமே இந்த ரூம்ல நான். அதற்கு அடியில் வாத்தியாரின் குறிப்பு: அவ்வளவுதான் காணோம்.

மாரப்பன் மாடியேறி வந்தார். நல்ல மனுஷர், வாசலில் கிடந்த புழுவை மிதிக்காமல் அதற்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"உங்கண்ணனுக்குப் போன் பண்ணிப் பாத்தனுங்க அம்மணி. கடையில மெசின் சத்தமா இருக்குது, அப்பறம் பேசறேன்னு வெச்சுட்டாப்ல. கேட்டது நீங்கதான? நீங்க சொன்னாலும் முடிஞ்சிரும். ஒரு வார்த்தைதானுங்களே."

"தெரியுமுங்க."

"நாத்து தலை சாஞ்சுருச்சுங்க. சாயங்காலத்துக்கு மேல தாங்காது."

"தெரியுமுங்க. மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க. முடியலைன்னா நானே சொல்லிர்றேன்."

அவர் போன பிறகு கோகிலவாணி நாற்காலியை வாசலுக்கு இழுத்துப்போட்டுப் புழுவின் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். இத்தனை நாளாக அதைத் தாண்டித் தாண்டிப் போனவளுக்கு அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது: அது இங்கே கிடக்கிறது என்றால், அண்ணன் அந்தப் பேச்சை இன்னும் முடிக்கவில்லை. கால் வைக்க மாட்டேன் என்று முடித்தது ஊரும் அவளும்தான், அவன் இல்லை. இப்போது அவள் அவ்வளவுதான் என்று சொன்னால் இருநூற்றுப் பதினோரு தோட்டத்துக்குத் தண்ணி வரும், அண்ணனோடு நிஜமாகவே அவ்வளவுதான். நாற்று சாகவும் விடக்கூடாது. அவளுக்கு அண்ணனும் வேண்டும்.

கீழே டீக்கடையில் சென்னியப்பன் பேசுவது கேட்டது. "அந்தக் கெடாயை ஓட்டிக்கிட்டு வரும்போது பாத்தின்னா..." என்று ஆரம்பித்தார், சரசு குறுக்கே "ஏனுங்க, சக்கரை போடட்டுங்களா?" என்றாள், அவர் "போடு" என்றார், பால்காரர் வந்து நாளைக்கு வண்டி சீக்கிரம் வரும் என்றார், சரிங்க என்றார்கள் இரண்டு பேரும். கடா வழியிலேயே நின்றது. அதற்காக யாரும் யாருக்கும் புரியாமல் போகவில்லை. சர்க்கரை டீயில் விழுந்தது, வண்டி சமாச்சாரம் வந்து சேர்ந்தது. கடாவைப் பற்றி அவர் பிறகு சொல்வார், சொல்லாவிட்டாலும் டீ ஆறிவிடாது.

கோகிலவாணி எழுந்து போய்த் திரையின் முன்னால் உட்கார்ந்தாள். வாத்தியாருக்கு அவள் ஆறு வருஷத்துக்கு முன்னால் கற்றுக்கொடுத்த முதல் பாடத்தையே அழித்தாள். முடியாத வரி வந்தால் நோட்டை மூடாதே, என்று எழுதினாள். அடுத்த ஆள் வாய் திறக்கிற இடம்வரை தள்ளிப் போ. 'த்ரீபேஸ் வந்தால்' என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயிருந்து புதுசாகப் படி. விட்டுவந்த வரியை அழிக்காதே, தப்பு என்றும் சொல்லாதே, 'இன்னும் வரும்' என்று பக்கத்தில் எழுதி வை. சிவப்பு வேண்டாம், மஞ்சளில் கோடு போடு. இதையெல்லாம் எழுதி முடித்தபோது பதினொன்றேகால். பிறகு கடைசியாக ஒரு வரியைச் சேர்த்தாள்: அவ்வளவுதான் என்று வந்தாலும் முடிவு, போயிட்டு வா என்று வந்தாலும் முடிவு.

பொத்தானை அழுத்தியதும் முதலில் வாசலில் கிடந்த புழு நிறம் மாறியது, காய வைத்த மஞ்சள் கிழங்கின் நிறத்துக்கு. பிறகு கிழக்கே மாரப்பன் தோட்டத்து மோட்டார் இரைந்தது, அடுத்தது பழனாத்தாளுடையது, அப்புறம் எதை எண்ணுவது, ஊரைச் சுற்றி நாலு பக்கமும் மோட்டார் சத்தமும் குழாயில் தண்ணி விழுகிற சத்தமும்தான். மைக்கில் யாரோ பாட்டுப் போட்டார்கள். கோகிலவாணி ஜன்னல் வழியாகப் புது விதியைச் சொன்னதும், தபால்காரர் சாமிக்கண்ணு சைக்கிளை நிறுத்திவிட்டு, இனித் தன் வேலை ஒன்று குறைந்தது என்று சரசுவிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சத்தங்களுக்கு நடுவில், தெற்கே முருங்கைக்காட்டில், தண்டபாணி தன் கையால் காயில் கட்டி இறக்கிய மோட்டார் ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு, நேற்றுத்தான் நிறுத்தியதுபோல் ஓட ஆரம்பித்ததை ஊரில் யாரும் கவனிக்கவில்லை.

தாராபுரத்தில் ஒரு கடையில், காயில் சுற்றிக்கொண்டிருந்த ஒருவனின் சட்டைப் பையில் செல்போன் மணியடித்தது. மடை வழக்கமாக எல்லாருக்கும் அனுப்புகிற செய்திதான்: உங்கள் மோட்டார் ஓடுகிறது. அவன் அதைப் படித்தான், கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தான், பிறகு பாதிச் சுற்றில் இருந்த காயிலை அப்படியே வைத்துவிட்டான்.

மூன்றரை மணி பஸ்ஸில் தண்டபாணி வந்து இறங்கியபோது சரசுதான் முதலில் பார்த்தாள். அவள் உடனே டீ போட்டாள். அவன் குடித்துவிட்டு முருங்கைக்காட்டுக்குப் போய், தொட்டி நிரம்பி மோட்டார் நின்றிருப்பதைப் பார்த்து, தொட்டித் தண்ணியில் முகம் கழுவிக்கொண்டு, உரக்கிடங்குக்கு வந்து மாடிப்படி ஏறினான். கீழே கூடிய கூட்டம் தற்செயலாகத்தான் கூடியது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டபோதே கோகிலவாணிக்கு யாரென்று தெரிந்துவிட்டது. எழுந்து நின்றாள். தலையில் கொஞ்சம் நரை, இடுப்பில் கொஞ்சம் சதை, மற்றபடி அதே அண்ணன், அதே ஸ்பேனர் பை. அவன் வாசலில் நின்று கீழே கிடந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தான்.

"வாங்ணா" என்றாள். "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்ணா."

அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். ஆறு வருஷத்தில் அவன் பழைய மேஜை மேல் பிரிண்டர் ஏறியிருந்தது, அவன் நாற்காலியில் வயர்க் கட்டுகள், ஜன்னலோரம் சங்கத்து விதை மூட்டைகள். பையைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தான்.

"இனிமே இந்த ரூம்ல நான்" என்றான், விட்ட இடத்திலிருந்து, "எங்க புள்ள உக்கார்றது?"

வாசலில் கோடு இல்லை. கோகிலவாணி நாற்காலியிலிருந்து வயர்க் கட்டுகளை இரண்டு கையாலும் அள்ளிக் கீழே போட்டாள்.